வில்லை மடியில் வைத்த நேரம்

என்னை மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. கண்டியில் மிருதங்கம் வைத்திருப்பவன் என்று சொல்வார்கள். அது உண்மை. எண்பத்து மூன்றில் தமிழரை அடித்து விரட்டிய ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, நன்றாக வாசித்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கோ மெட்ராஸுக்கோ கனடாவுக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திறமை இருந்தவர்களுக்குப் போக இடம் இருந்தது. எனக்கு அரசாங்க உத்தியோகம் இருந்தது. காணிக் கோப்புகளுக்கு இலக்கம் போடுகிற வேலை. அது போதாதென்று கொழும்புப் பத்திரிகை ஒன்றில் வாரா வாரம் நகைச்சுவைப் பத்தியும் எழுதினேன். வாசித்துச் சிரித்ததாக ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அவர் என் சித்தப்பா.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரைக்கும் கோவில் திருவிழா, பாடசாலை நவராத்திரி, யாருடைய மகளின் அரங்கேற்றம் என்றாலும் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். அப்படித்தான், பிறகு பெரிய வயலின் வித்துவானாகிவிட்ட அவளுக்கும் பக்கவாத்தியமாகப் போனேன். இன்றைக்கு அவளுடைய கச்சேரி மலர்களில் வாழ்க்கைக் குறிப்பு வருகிறது. ஆரம்ப காலத்தில் உள்ளூர்க் கலைஞர்கள் துணை நின்றார்கள் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்தப் பன்மையில் இருப்பவன் நான் ஒருவன்தான்.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எனக்கு முப்பத்திரண்டு, தலையில் மயிர் இருந்தது. தகப்பன் பேராதனையில் கணித விரிவுரையாளர். ஹந்தானைச் சரிவில் வாடகை வீடு. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் அந்த வீட்டுக்குள் மூடுபனி சொல்லாமல் கொள்ளாமல் வரும். விறாந்தையில் கழற்றி வைத்த செருப்பைத் தடவித்தான் தேட வேண்டும். அவள் பாயில் சப்பணமிட்டு இருந்து, வயலினின் சுருளைக் கணுக்காலில் ஊன்றி, கண்ணைத் திறந்துகொண்டே வாசிப்பாள். நல்ல வித்துவானுக்குப் பக்கத்தில் இருக்கும்போது மிருதங்கக்காரனுக்குத் தானும் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வரும். அவளோடு வாசித்த முதல் நாளே எனக்கு அது வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், போய்விட்டது.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், நல்ல மழை, கரண்ட் இல்லை. மோகன ராகத்தில் கற்பனாஸ்வரம், அந்தந்த நேரத்தில் மனதில் தோன்றுகிற ஸ்வரக் கோவை, போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன். பெரிய வித்துவான்கள் அப்படி மூடுவதைப் பார்த்திருக்கிறேன். செலவில்லாமல் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அவள் மேல் ஸ்தாயியில் சின்னச் சின்னக் கொத்தாக ஸ்வரம் எடுத்தாள். நான் பதில் சொன்னேன். திரும்ப எடுத்தாள். திரும்பச் சொன்னேன். ஒரு இடத்தில் மகிழ்ச்சி தாங்காமல் கண்ணைத் திறந்தேன்.

வில் அவள் மடியில் கிடந்தது.

வலது கை அதன்மேல் சும்மா இருந்தது. இடது கை விரல்கள் மட்டும் தந்தியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பவுடர் பூசிய விரல் தந்தியில் இழுபடுகிற சரக் சரக் என்ற சின்னச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே மோகனமும் கேட்டது. முழுதாகக் கேட்டது. நான் கண் திறந்ததற்காக அது நிற்கவில்லை. இன்னும் இரண்டு ஆவர்த்தனம், இரண்டு முழுத் தாளச் சுற்று, அப்படியே போனது. பிறகு அவள் வில்லை எடுத்துத் தந்தியில் வைத்தாள். இரண்டு சத்தத்தையும் தைத்த இடம் தெரியவில்லை.

தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போனேன். தாய் அங்கே வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் வாசிப்பைப் பற்றி வாய் திறக்காதவர், அன்றைக்கு மோகனம் நல்லாய் இருந்தது என்றார். எந்த இடம் என்று கேட்டேன். மேலே போய்ச் சின்னக் கொத்தாய் எடுத்த இடம் என்றார். நான் சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

முடித்த பிறகு கண்டதைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்து, கெலிஓயாக் கதையைச் சொன்னார்.

ஆடிக் கலவரம் கண்டிக்கு வந்த அன்று, தகப்பனிடம் படித்த ஒரு முஸ்லிம் மாணவன் தன் வாப்பாவின் லொறியைக் கொண்டுவந்து இவர்களை ஏற்றிப் போயிருக்கிறான். கெலிஓயாவில் அவர்களுக்குக் கடை. கடைக்குப் பின்னால் கராம்பும் மிளகும் சாதிக்காயும் அடுக்கிய களஞ்சியம். அதற்குள் மூன்று நாள். களஞ்சியத்தின் ஒரு சுவர் கம்பளை றோட்டோடு ஒட்டியது. கூட்டம் அந்த றோட்டால் போகும், வரும். கத்திக்கொண்டு போனால் பயமில்லையாம். கத்தாமல் நடந்து போகிறபோதுதான் பயமாம். பிள்ளைக்கு எட்டு வயது. ஒரு நாள் வாசிக்காவிட்டால் அழுகிற பழக்கம். அழுதால் றோட்டுக்குக் கேட்கும். அதனால் தாய் வயலினைக் கையில் கொடுத்துவிட்டு, வில்லை மட்டும் வாங்கித் தன் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

“அவள் விரலாலை வாசிச்சுக்கொண்டிருந்தவள்,” என்றார். “இரண்டாம் நாள் அந்தக் கடைக்கார அம்மா ஓடி வந்தா. ‘மகள், வாசிக்க வாணாம், பாதைக்குக் கேக்குது’ எண்டு கையெடுத்துக் கும்பிட்டா. வில்லு என்ரை மடிக்கை கிடக்குது, தம்பி.”

பிறகு எழும்பி வாழைக்காயைத் திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் கருகியிருந்தது.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரிடம் சொல்ல? பத்தியில் எழுதலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். சித்தப்பா கவலைப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று நாலு வருடங்களில் அவள் ஏறிய வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. மாத்தளைத் தேர்த் திருவிழா, நாவலப்பிட்டியில் நவராத்திரி, பிறகு கொழும்பு மண்டபங்கள். தனிக் கச்சேரி கேட்டுக் கடிதங்கள் வந்தன. நாடு எரிந்துகொண்டிருந்த காலம். வடக்கே யுத்தம். தெற்கேயும் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கியிருந்தார்கள். பேராதனைப் பாலத்தில் பஸ் போகும்போது சன்னலோரம் இருந்தவர்கள் ஆற்றைப் பார்க்காமல் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். அதற்குள் நாங்கள் ஒரு வயலின் பெட்டியையும் ஒரு மிருதங்கத்தையும் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடி சாவடியாக இறங்கி ஏறினோம். வயலினைக் கண்ட சிப்பாய் வாசிக்கச் சொல்வதும், அவள் வாசிக்க அவன் கண் கலங்குவதும் கதைகளில் நடக்கும். எங்களை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. வில்லுக்குத் தேய்க்கிற ரொசின் கட்டியை முகர்ந்து பார்த்தார்கள். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்புவதற்கு நான் கொண்டுபோகிற ரவை டின்னைத் திறந்து, சங்கீதத்துக்கு எதற்கு உப்புமா என்று சிங்களத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது.

ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த நேரம் வந்தது. எப்போதும் கற்பனாஸ்வரத்தில், சபை முழுதும் மூச்சைப் பிடித்திருக்கிற இடத்தில். வில் மடிக்கு இறங்கும். விரல் ஓடும். நான் வாசித்துக்கொண்டிருப்பேன். முன் வரிசையில் இருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள், தொடையில் தாளம் போடுவார்கள், சரியான இடத்தில் “ஆகா” என்பார்கள். வில் மடியில் கிடப்பதை ஒருவரும் கண்டதாகத் தெரியவில்லை. கண்டவர்களும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கண்டிச் சபையில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள். எதையும் காணாமல் இருப்பதற்கு அந்த வருடங்களில் நல்ல பயிற்சி கிடைத்திருந்தது. கொழும்பு விமர்சகர் ஒருவர், அந்த இடத்தில் நாதம் தந்தியை விட்டு வெளியே வந்து நின்றது என்று எழுதினார். அவர் உவமையாகத்தான் எழுதினார்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். முதலில் இரண்டு ஆவர்த்தனமாக இருந்தது எட்டாகியது. எட்டு பதினாறாகியது. நேரம் நீண்டுகொண்டே போனது.

அவளுடைய பதினேழாவது வயதில் வானொலித் தரத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அந்தத் தரம் கிடைத்தால்தான் மெட்ராஸ் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். பதினெட்டு முடிந்தால் விண்ணப்பிக்க முடியாது. தேர்வோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஆகவே ஒரே ஒரு வாய்ப்புத்தான். சங்கீதம் மட்டும் காரணமில்லை. அந்த வருடம் கண்டியில் வீடு வீடாக வந்து தமிழ் ஆட்களின் பெயரைப் பதிந்துகொண்டு போனார்கள். இராணுவச் சுற்றிவளைப்பில் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத்தான் முதலில் லொறியில் ஏற்றினார்கள். தாய்க்கு இரவில் நித்திரையில்லை. பிள்ளை எப்படியாவது கடல் கடந்துவிட வேண்டும். அதற்கு இருந்த ஒரே வழி நாலு தந்தி.

அந்தச் சமயம்தான் தகப்பன் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னார். கனடா உறவுக்காரருக்கு அனுப்புவதற்காக நவராத்திரிக் கச்சேரியைக் கசெற்றில் பதிந்திருந்தார். மனைவியும் மகளும் கோவிலுக்குப் போகும்வரை காத்திருந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, றேடியோவில் போட்டார்.

வர்ணம், கீர்த்தனை எல்லாம் அழகாகப் போனது. கற்பனாஸ்வரம் தொடங்கியது. பிறகு வயலின் இல்லை.

என் மிருதங்கம் மட்டும் கேட்டது. பூட்டிய வீட்டுக் கதவை யாரோ தட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. அதற்குப் பின்னால் ஐந்நூறு பேர் உள்ள மண்டபம். ஒரு குழந்தை இருமியது. யாரோ தொடையில் தாளம் போட்டார். ஒன்றுமில்லாத ஒன்றைப் பார்த்து ஒருவர் “ஆகா” என்றார். கொஞ்சம் தள்ளி இன்னும் மூன்று நாலு பேர், ஒரே இடத்தில், சரியாகத் தாளம் விழுகிற சமத்தில், “ச்சு” கொட்டினார்கள். அந்த “ஆகா” என்னுடையது.

தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம், என்றார். தேர்வில் நடுவர்கள் வேறு அறையில் இருப்பார்கள், ஒலிபெருக்கியில்தான் கேட்பார்கள், முகம் பார்க்க மாட்டார்கள், என்றார். தேர்வு மொத்தம் பதினைந்து நிமிடம்.

தாய் வந்ததும் அவருக்கும் சொன்னோம்; பிள்ளைக்குக் கேட்காமல் எங்கள் மூன்று பேருக்கும் அன்று தொடங்கிய வாக்குவாதம் நாலு ஞாயிற்றுக்கிழமை நீண்டது. பிழையைப் பிள்ளைக்குச் சொல்லித்தான் திருத்த வேண்டும் என்றார் தகப்பன். கணக்கு ஆசிரியர்கள் அப்படித்தான். சொன்னால் அவளுக்குக் கெலிஓயா ஞாபகம் வந்து விரலும் நின்றுவிடும் என்றார் தாய். கற்பனாஸ்வரம் இல்லாமல் தேர்வை முடிக்கலாமா என்று விதிமுறைக் கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன், முடியாது. கடைசியில் சொல்லுகிற வேலை எனக்கு வந்தது. நான் வீட்டு ஆள் இல்லை. ஓடித் தப்புகிற தூரத்திலும் இல்லை.

தேர்வு நாள் காலை றெயிலில்தான் சொன்னேன். தகப்பன் வேண்டுமென்றே நாலு வரிசை தள்ளி இருந்து பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பத்திரிகை தலைகீழாக இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

“பிள்ளை,” என்றேன், “வாசிக்கேக்கை நீ சில நேரம் வில்லை எடுத்து மடியிலை வைக்கிறாய். தெரியுமே?”

“தெரியும் மாமா.”

இந்தப் பதிலுக்கு நான் ஆயத்தமாக வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“ஆக்கள் போகினம். போய் முடியுமட்டும் சத்தம் போடக் கூடாதுதானே.”

றெயில் கடவையில் ஏன் கேற் மூடியிருக்கிறது என்று விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னாள். எந்த ஆட்கள் என்று கேட்டேன். றோட்டால் போகிற ஆட்கள், காணமுடியாது, கால் சத்தம் மட்டும்தான், ஒருவரும் கதைப்பதில்லை. மண்டபத்திலும் கேட்கும், கோவிலிலும் கேட்கும். எப்போதும் இடது பக்கத்தால் வந்து வலது பக்கம் போவார்கள். சத்தம் தேய்ந்து முடிந்ததும் வில்லை எடுப்பாள்.

“முந்திக் கொஞ்சப் பேர் மாமா. இப்ப கனபேர். போய் முடிய நேரம் எடுக்குது.”

“சிங்கள ஆக்களோ?”

“காலிலை என்னெண்டு தெரியும் மாமா?”

நான் வெளியே பார்த்தேன். கடுகண்ணாவைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிப்புகார். அந்த நேரத்தில் அவளுக்கு வயலின் கேட்பதில்லையா என்று கேட்டேன். வில் இல்லாமல் எப்படிக் கேட்கும் என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எங்கள் எல்லோருக்கும் கேட்கிறது என்றேன். அவள் சிரித்து, நீங்கள் எல்லாரும் நல்ல ஆக்கள் மாமா, என்றாள். சபையில் தலையாட்டுகிறவர்கள் அவளுக்காகப் பொறுமையாகச் சமாளிக்கிறார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். இன்றைக்கும் அவர்கள் சீக்கிரம் போய்விட்டால் போதும் என்றாள். வில்லைப் பாதியில் வைக்கலாமே என்றேன். மெல்லத் தலையை ஆட்டினாள். வைத்தால் நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

றெயில் ஒரு குகைக்குள் போய் வெளியே வந்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்திருந்தது. மிருதங்கக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய எண்ணம். அந்த நாலு நிமிடமும் மண்டபத்தில் இருக்கிற ஒரே சத்தம் யாருடையது? என்னுடையது. கசெற்றில் நானே கேட்டேனே. ஈர ரவை அப்பிய இடது பக்கத்துத் தொம் தொம் என்ற ஒலியைவிட வெறுங்கால் நடைக்கு நெருங்கிய சத்தம் உலகத்தில் வேறு எது? வருடா வருடம் கூட்டம் கூடுவதும் விளங்கியது: கைதட்டல் ஏற ஏற நான் பலமாக அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் கூட்டம் முழுதும் நான்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மருந்து சுலபம். வில் மடிக்கு இறங்கியதும் நான் நிறுத்திவிட வேண்டும். நடை நிற்கும், பிள்ளை வில்லை எடுப்பாள், நடுவர்களுக்கு இரண்டு மூன்று வினாடி இடைவெளி ஒரு நயமாகப் படும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் காத்திருப்பாள், பலிக்காது என்று நினைத்தேன்.

ஒலிப்பதிவு அறை சின்னது. சுவர் எல்லாம் துளை போட்ட பலகை, அதற்குள் பஞ்சு. நடுவில் பாய், இரண்டு மைக், சுவரில் ஒரு சிவப்பு பல்ப். நடுவர்கள் எங்கேயோ இருந்து ஒலிபெருக்கி வழியாக எங்கள் இலக்கத்தைச் சொன்னார்கள், பெயர் சொல்லக்கூடாது.

“வெளிச் சத்தம் உள்ளுக்கு வராதோ மாமா?” என்று கேட்டாள்.

வராது என்று காட்டுவதற்காகச் சுவரில் ஓங்கித் தட்டினேன். தட்டின சத்தமும் வரவில்லை. அது இரண்டு பேருக்கும் நல்லதாகப் படவில்லை.

பல்ப் எரிந்தது. வர்ணம் வாசித்தாள். கல்யாணியில் ஒரு சின்ன ஆலாபனை, கீர்த்தனை, எல்லாம் கண்ணாடி போல. கற்பனாஸ்வரம் எடுத்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தாள். வில் மடிக்கு இறங்கியது.

அன்றைக்கு எனக்குக் கல்யாணி கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, விரல் இழுபடுகிற சத்தத்தையும் என் மிருதங்கத்தையும் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. நான் நினைத்தபடி நிறுத்தினேன். இரண்டு கையையும் தோலின்மேல் வைத்து அமர்த்தினேன்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. காதுக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்டது. அவள் வில்லை எடுக்கவில்லை. அவளுடைய கண்கள் எதிர்ச் சுவரின் இடது மூலையில் இருந்து மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. பெரஹரா ஊர்வலம் பார்க்கிறவர்கள் ஒரு யானையோடு கண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த யானைக்குத் திரும்பி வருவார்களே, அப்படி. போய், திரும்பி வந்து, மறுபடியும் போய்.

அவர்கள் நிற்கவில்லை. அவர்கள் நானில்லை. அதில்கூட எனக்குப் பங்கு இருக்கவில்லை.

சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. திரும்ப வாசிக்கத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்காகவே அந்தப் பிள்ளை பத்து வருடத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறாள் என்றும் தெரியும். கையைத் தூக்கப் பார்த்தேன். கை எழும்பவில்லை. சத்தம் போட்டால் கேட்டுவிடும் என்று நினைத்தேன். யாருக்கு என்று நினைக்கவில்லை. மூச்சைக்கூட வாயால் விட்டேன். நான் எதிர்ச் சுவரைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. களஞ்சியத்துக்குள் தாய் தகப்பன் முகத்தில் கண்டதாக இருக்கலாம். ஒரு கணம் பார்த்தாள். பிறகு, கண் இன்னும் சுவரின் நடுவில் இருக்கும்போதே, வில்லை எடுத்துத் தந்தியில் வைத்தாள்.

அழகான சத்தமில்லை அது. முரட்டுத்தனமாக, பெரிதாக, ஒரு ரொசின் புழுதியோடு வந்தது. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நிறுத்து என்று சொல்லக் கையை நீட்டினேன் என்று நினைக்கிறேன். அவள் நிறுத்தவில்லை. தாளத்துக்கு ஆள் இல்லாமல், தனியாக, ஸ்வரத்துக்கு மேல் ஸ்வரமாக அடுக்கிக்கொண்டு போய், கீர்த்தனை தொடங்குகிற எடுப்பில் மயிரிழை பிசகாமல் வந்து இறங்கினாள். கடைசி வரிக்கு நான் போய் ஒட்டிக்கொண்டேன். அதுவும் பிந்தித்தான்.

நன்றி, போகலாம், என்றது ஒலிபெருக்கி.

வெளியே வெயில் கொளுத்தியது. தகப்பன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோ பிடிக்கப் போனார். நாங்கள் வாகை மர நிழலில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“நிண்டிட்டினம் மாமா,” என்றாள்.

“போயிட்டினமோ?”

“இல்லை. போகேல்லை. நான் வில்லு வைச்ச உடனை எல்லாரும் நிண்டிட்டினம். நிண்டு கேட்டவை.”

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. அவளுக்கு முதல் தரம். பக்கவாத்தியம் முக்கியமான இடத்தில் கைவிட்டும் தளராமல் வாசித்ததை நடுவர்கள் விசேஷமாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தச் சாக்கில் நானும் தரத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். எனக்கு வந்த கடிதம் ஒரே வரி. என் மனைவி அதை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள்.

பிள்ளை மெட்ராஸ் போனாள். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: மார்கழி மேடைகள், கசெற்றுகள், லண்டன், சிட்னி. வில்லை மடியில் வைக்கிற வழக்கம் அந்த அறையோடு முடிந்துவிட்டது. மூன்று மணித்தியாலக் கச்சேரியில் ஒரு வினாடிகூடத் தந்தி ஓயாது என்று எழுதினார்கள். சில இடத்தில் தேவைக்கு மேல் பெரிதாக வாசிக்கிறாள் என்றும் எழுதினார்கள். கண்டியில் பழைய ஆட்கள், இப்போது நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் முந்தி ஒரு இடம் வருமே, அது இல்லை, என்று குறைப்பட்டார்கள். அந்த இடம் கசெற்றில் இல்லை என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், பாதைகள் திறந்த கையோடு, கண்டிக்கு வந்து வாசித்தாள். மிருதங்கம் மெட்ராஸிலிருந்து கூட்டிவந்த இளைஞன். விரல் பத்தும் வேலை செய்தன; சிலருக்கு அப்படி அமைந்துவிடுகிறது. அன்று அடைமழை. மண்டபம் பாதிதான் நிறைந்திருந்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். இரண்டே முக்கால் மணித்தியாலம் வாசித்தாள். உருப்படிக்கும் உருப்படிக்கும் இடையில்கூட, தண்ணீர் குடிக்கும்போதும், வலது கை தந்தியில் ஷட்ஜத்தை மெல்லிசாக இழுத்துக்கொண்டே இருந்தது. சுருதி பார்க்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர் தன் மனைவிக்கு விளங்கப்படுத்தினார்.

முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். சால்வையும் மாலையுமாக நின்றவள் என்னைக் கண்டதும் காலில் விழப் பார்த்தாள். தடுத்தேன், எனக்கு அதற்குத் தகுதி இல்லை என்பதற்குக் கடிதமே இருக்கிறது. கொஞ்சம் மெலிந்திருந்தாள். வருடத்துக்கு இருநூறு கச்சேரிக்கு மேல் வாசிப்பதாகவும் ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்பதில்லை என்றும் மெட்ராஸ் இளைஞன் முறையிட்டான். அவன் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில் நான் மெதுவாகக் கேட்டேன்.

“இப்பவும் நிக்கினமோ?”

“ஓம் மாமா.”

“போகச் சொல்லிப் பார்க்கேல்லையோ?”

வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூடியை மூடவில்லை.

“நான் வாசிக்குமட்டும் நிப்பினம். நிப்பாட்டினால் நடக்கத் தொடங்கிடுவினம்,” என்றாள். “இப்ப முந்தி மாதிரி இல்லை மாமா. அவ்வளவு பேர்.”

எந்தப் பக்கம் நடப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் படம் எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டு அவர்களோடு நின்றாள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்த மண்டபக் காவல்காரர், உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். நான் திரும்பி மண்டபத்தைப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் கதிரைகள். தெரியாது என்று சொன்னேன்.